வாசலில் உடைந்த விடுதலைப் பூசணி

ஏழெட்டு வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி முதலாம் திகதி காலையில் இது நடந்தது. இடம், சூரிச் ஓர்லிகோனில் ட்ராம் வளைந்து திரும்பும் ஒரு தெருவில் இருக்கும் சின்ன உணவுக்கடை. அன்றைக்கு என் கணவர் செய்த காரியத்தை வீட்டில் யாராவது நினைவூட்டினால், அவர் இப்போதும் சத்தம் போடாமல் எழுந்து பல்கனிப் பக்கம் போய்விடுவார். நான் விடுவேனா? காது கொடுக்கிற ஆள் கிடைத்தால் முதலில் சொல்லும் கதை இதுதான்.

அந்தக் கடை ஒரு கறுப்பினப் பெண்ணுடையது. கரிபியன் கடலில் இருக்கும் ஹெயிட்டி நாட்டில் பிறந்தவர். டீட்டிகோனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாங்கள் இருவரும் பல வருடம் ஒன்றாக வேலை செய்தோம். என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் நான் ‘அக்கா’ என்று கூப்பிடத் தொடங்கினேன். கொஞ்ச நாளில் சமையலறை முழுவதும் அவரை அக்கா என்றே கூப்பிட்டது. எதற்கெடுத்தாலும் முகத்தைச் சுளிக்கும் எங்கள் சுவிஸ் தலைமைச் சமையல்காரர்கூட ‘அக்கா, கிழங்கு அவிந்ததா?’ என்று கேட்பார்.

முதியோர் இல்லச் சமையலில் உப்பும் இருக்காது, உறைப்பும் இருக்காது. மசித்த கிழங்கைக் கிண்டியபடியே அக்கா பெருமூச்சு விடுவார். ஒரு நாளைக்கு என் சொந்தப் பானையில், என் சொந்த மிளகாய் போட்டுச் சமைப்பேன் என்பார். சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், வேலையை விட்டுவிட்டு உண்மையாகவே கடை திறந்துவிட்டார்.

கடை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். பத்துப் பேர் இருந்தால் பதினோராவது ஆள் தோளைச் சுருக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். ஆனால் சுவரைப் பார்த்தால் நேரம் போவது தெரியாது. அடிமைகளாக இருந்து, எழுந்து நின்று, தங்கள் நாட்டைத் தாங்களே மீட்டெடுத்தவர்களின் படங்கள். சிவப்பும் நீலமுமாக ஒரு கொடி. மூலையில் ஒரு மேளம். யாரும் எடுத்துப் போய் வாசித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரும் புத்தகத் தட்டு. கொங்கோக்காரர், எரித்திரியாக்காரர், பிரேசில்காரர் என்று ஆள் மாற்றி ஆள் வந்து இருப்பார்கள். சாப்பாடு முடிந்தாலும் கதை முடியாது. எங்கள் பெரியவர்கள் பட்டதும் வென்றதும் இந்த நாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கு வேறு எங்கே தெரியவரும் என்று அக்கா கேட்பார்.

இனி என் கணவருக்கு வருகிறேன். டீட்டிகோனில் ஒரு பெரிய களஞ்சியத்தில் பொதி ஏற்றி இறக்கும் வேலை. நல்ல மனுசன். ஆனால் இரண்டு விஷயங்களில் அவரைத் திருத்த முடியாது. ஒன்று, தேநீரோ கோப்பியோ, கடையில் வாங்கினால் வெளியே கொண்டுபோய் நின்றபடிதான் குடிப்பார். மூக்கு உறைகிற குளிராக இருந்தாலும் சரி. உள்ளே கதிரை வெறுமையாக இருக்க, இவர் வாசலில் காகிதக் குவளையோடு நின்று ஆவி விடுவார். “கதிரைக்குக் காசு கேப்பாங்கள் எண்டு பயமோ?” என்று நான் எத்தனையோ முறை சீண்டியிருக்கிறேன். சிரித்துவிட்டு அப்படியே நிற்பார்.

மற்றது கண்ணூறு, கெட்ட கண் பட்டுவிடும் என்ற பயம். கார் வாங்கினால் சில்லுக்குக் கீழே தேசிக்காய். மகளுக்கு நல்ல மதிப்பெண் வந்தால் மிளகாய் சுற்றிப் போட வேண்டும். அக்காவின் கடை திறந்த முதல் மாதமே குளிர்சாதனப் பெட்டி நின்றது, தண்ணீர்க் குழாய் ஒழுகியது, புதுக் கண்ணாடியில் கீறல் விழுந்தது. இதைக் கேட்டதும் இவர் வைத்தியர் மாதிரித் தலையை ஆட்டினார். “கண்ணூறுதான். பூசணிக்காய் உடைக்காமல் கடை திறந்தால் வேற என்ன நடக்கும்?”

நான் இதை அக்காவிடம் சிரிக்கிறதற்காகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தங்கள் ஊரிலும் கெட்ட கண் உண்டு, குழந்தைகளுக்கு அதற்காக மணி கட்டுவார்கள் என்றார். “உன்ர மனுசனைக் கூட்டிக்கொண்டு வா. ஜனவரி முதலாம் திகதி எங்களுக்குப் பெரிய நாள். ஆட்கள் வர முதல் வந்து செய்யட்டும்” என்றார். அவர் பேசியது பிரெஞ்சு வாடை வீசும் சுவிஸ் ஜெர்மன். என் காதில் எப்போதும் அது எங்கள் தமிழாகத்தான் விழும்.

நானும் கணவரிடம், வருடப் பிறப்பன்று உடைப்பதற்குச் சாம்பல் பூத்த நீத்துப்பூசணிக்காயோடு வந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்கு உதவி செய்ய நான் விடிந்ததுமே ரயில் பிடித்துக் கடைக்குப் போய்விட்டேன். இரவு கொளுத்திய வாணங்களின் கடதாசி தெருவெல்லாம் கிடந்தது. அதற்கு மேலே மெல்லிய பனி.

கடை வாசலில், ஒரு முக்காலியின் மேல், பெரிய பூசணிக்காய் ஒன்று இருந்தது. பச்சைத் தோல், இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க வேண்டிய பருமன், கழுத்தில் சிவப்பும் நீலமுமாக நாடா. அது அக்கா தன் வாடகைத் தோட்டத் துண்டில் வளர்த்தது. ஊருக்குப் போய் வந்தபோது கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்த விதை. இந்த நாட்டுக் குளிரில் முளைப்பதும் கருகுவதுமாக இருந்து, அந்த வருடம்தான் ஒரு கொடியில் ஒரு காய் உருப்படியாக வந்தது. அன்று வைக்கப்போகும் சூப்புக்கு அதுதான் உயிர். முதலில் வரும் விருந்தாளிகள் அதைப் பார்த்து, பக்கத்தில் நின்று படம் எடுத்த பிறகுதான் கத்தி வைப்பேன் என்று அக்கா வாசலில் வைத்திருந்தார். பிள்ளையை உடுத்திச் சோடித்து வாசலில் இருத்திய தாயின் முகம் அவருக்கு.

நாங்கள் உள்ளே கரட் சீவி, முட்டைக்கோவா வெட்டிக்கொண்டிருந்தோம். ஒரு பானையில் மாட்டிறைச்சி கொதித்தது. எனக்காகவும் என் வீட்டாருக்காகவும் இறைச்சி போடாத தனிப் பானை ஒன்றையும் அக்கா எடுத்து வைத்திருந்தார். வானொலியில் ஏதோ துள்ளல் பாட்டு. அக்கா இடுப்பை ஆட்ட, நானும் கொஞ்சம் ஆட்டினேன்.

அப்போது வெளியே ‘டமார்’ என்று ஒரு சத்தம். வாணமாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் என் கணவர், “எல்லாக் கண்ணூறும் போகட்டும்!” என்று உரத்துச் சொல்வது கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். முக்காலி வெறுமை. தெருவில், வெள்ளைப் பனியில், மஞ்சள் துண்டுகள் சிதறிக் கிடந்தன. உள்ளே அடைத்த குங்குமம் தெறித்து நாலா பக்கமும் சிவப்பு. சில துண்டுகள் ட்ராம் தண்டவாளம் வரை போயிருந்தன. நடுவில் என் கணவர், கை இரண்டும் சிவந்து, நல்ல காரியம் செய்த பெருமையோடு நின்றார். பக்கத்தில் எங்கள் மகள் கற்பூரத் தட்டோடு, வரப்போவது தெரிந்த முகத்தோடு நின்றாள்.

“என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்!” என்றேன்.

நடந்தது இதுதான். தமிழ்க் கடையில் நீத்துப்பூசணிக்காய் முடிந்துவிட்டது. என் வாய்க்குப் பயந்து இவர் அதை என்னிடம் சொல்லவில்லை. காய் இல்லாமல் கற்பூரமும் குங்குமமுமாக வந்தவருக்கு வாசலில் நாடா கட்டிய பூசணிக்காய் தெரிந்திருக்கிறது. புதுக் கடை வாசலில், முக்காலி மேல், அலங்கரித்த பூசணிக்காய் இருந்தால் ஒரு தமிழனுக்கு அதற்கு வேறு என்ன அர்த்தம்? அக்காவே வாங்கி ஆயத்தமாக வைத்துவிட்டார், எவ்வளவு பொறுப்பு என்று இவருக்குப் புல்லரித்திருக்கிறது. கேட்டுவிட்டுச் செய்வோம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். நல்ல காரியத்துக்கு ஏன் கேட்க வேண்டும் என்று இவர் பேனாக்கத்தியால் துளை போட்டுக் குங்குமம் அடைத்து, கற்பூரம் கொளுத்தி, மூன்று தரம் சுற்றி, ஓங்கிப் போட்டுவிட்டார்.

அக்கா வெளியே வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை, அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கையில் கரட் சீவும் கத்தி. கண் அந்தத் துண்டுகளைவிட்டு அசையவில்லை.

மேல் மாடியில் தனியாக இருக்கும் வயதான சுவிஸ் அம்மா யன்னலைத் திறந்தார். பனியில் சிவப்பையும் என் கணவரின் கையையும் பார்த்துவிட்டு, அம்புலன்ஸுக்கு அடிக்கவா என்று நடுங்கிய குரலில் கேட்டார். பூசணிக்காய்தான், ஆள் இல்லை என்று மகள் விளக்கினாள். பூசணிக்காயை ஏன் கொன்றீர்கள் என்று கேட்டுவிட்டு அவர் யன்னலைச் சாத்தினார்.

பிறகு அக்கா பேசினார். கோபமே இல்லாத குரல். அதுதான் இன்னும் உறுத்தியது. அவருடைய ஊரில் வெள்ளை எசமான்களுக்கு இந்தப் பூசணி சூப் என்றால் உயிராம். தோட்டத்தில் பூசணியை வளர்த்தது அடிமைகள். வெட்டியது, அரைத்தது, மணிக்கணக்காகக் கிண்டியது எல்லாம் அவர்கள். ஆனால் அவர்கள் அதைக் குடிக்கக் கூடாது. நாடு விடுதலை அடைந்த முதல் நாள், ஒரு ஜனவரி முதலாம் திகதி, வீட்டுக்கு வீடு அதே சூப்பை வைத்துக் குடித்தார்களாம். அன்றிலிருந்து உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் அன்றைக்கு அந்தச் சூப் குடிக்காத ஹெயிட்டிக்காரர் இல்லை.

“பாசலில இருந்து, பேர்னில இருந்து, லோசானில இருந்தெல்லாம் சனம் வருகுது. என்ர கடையில இது முதல் வருசம். பானைக்குள்ள சூப் இல்லையெண்டால், நான் அவையின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது?”

என் கணவருக்கு ஜெர்மன் நன்றாகவே விளங்கும். இருந்தும் என்னைப் பார்த்து, “சமைச்ச சனத்தையே குடிக்க விடேல்லையோ?” என்று மெதுவாகக் கேட்டார். ஓம் என்றேன். அவருடைய முகம் ஒருமாதிரி ஆனது. வெட்கம் என்றுதான் அப்போது நினைத்தேன். குங்குமக் கையைப் பனியில் தேய்த்துத் துடைத்துவிட்டு, “இஞ்சேரும், காரில ஏறும்” என்றார்.

அக்கா எழும்பிப் போய் உள்ளேயிருந்து மா அரிக்கும் அரிதட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். சதை போனால் போகட்டும், விதை வேண்டும் என்று பனியில் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். மகளும் கற்பூரத் தட்டை வைத்துவிட்டு அவரோடு குனிந்தாள். நாங்கள் புறப்பட்டோம்.

சுவிஸில் வருடப் பிறப்பன்று பூசணிக்காய் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாம் பூட்டு. பெரிய ரயில் நிலையத்தில் திறந்திருந்த கடையில், பிளாஸ்டிக் சுற்றிய உள்ளங்கையளவு துண்டு ஒன்றுதான் கிடைத்தது. இவர் அதையும் விடாமல் வாங்கினார். வழி முழுக்கத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தேன். ‘புதுவருட வாழ்த்துகள், வீட்டில் பூசணிக்காய் இருக்கோ’ என்று நான் கேட்க, எல்லாரும் என் தலைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். ஒருத்தி மட்டும் சொன்னாள்: “கோயிலில இண்டைக்கு அன்னதானம். அங்க இல்லாத பூசணிக்காயோ?”

தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றின் கீழ்த் தளத்தில் இயங்கும் கோயில் அது. அன்று காலடி வைக்க இடமில்லாத சனம். நான் வலதுகாலோ இடதுகாலோ என்று பாராமல் நேரே சமையல் பக்கம் போனேன். மூலையில் பூசணிக்காய்கள் குவிந்து கிடப்பதைக் கண்டதும் சாமியைக் கண்டது போலவே இருந்தது. இவர் வரவில்லையே என்று திரும்பினால், சமையலறை வாசலுக்கு வெளியே நிற்கிறார்.

“உள்ள வாங்கோ அண்ணை, ஏன் வாசலில நிக்கிறியள்?” என்றார் அன்னதானச் சமையலுக்குப் பொறுப்பான தம்பி. வார நாட்களில் ஒரு ஹோட்டலில் சமைப்பவர்.

இவர் உள்ளே வந்தார். இப்படியொரு பணிவோடு இவர் ஒருவரிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். உடைத்தது, அந்தச் சூப்பின் கதை, வரப்போகும் சனம், எல்லாம். தம்பி அகப்பையைக் கையில் பிடித்தபடி கேட்டார். கடைசியில் ஒரு கேள்வி. அதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

“இறைச்சி போடுவினமோ அண்ணை?”

பொய் சொல்லுங்கோ என்று மனசுக்குள் கெஞ்சினேன். “ஓம்” என்றார் இவர். “அவையின்ர பானையில மாட்டிறைச்சி போடுவினம். எங்களுக்கு வேற பானை.”

தம்பி அகப்பையைப் பானை விளிம்பில் வைத்தார். பின்னால் யாரோ தேங்காய் துருவும் சத்தம். பிறகு அவர் குனிந்து, இருந்ததில் பெரிய பூசணிக்காயைத் தூக்கி இவர் கையில் வைத்தார். அதற்கு மேல் இன்னொன்றும் வைத்தார். “இன்னும் சாமிக்குப் படைக்கேல்லைத்தானே. அடக்கி வைச்ச சனம் குடிக்கிற சூப்புக்குப் போகட்டும். எனக்கு எங்கட பானையில இருந்து ஒரு போத்தல் கொண்டுவந்து தாங்கோ, என்ன உறைப்பு எண்டு பாப்பம்.”

இவர் இரண்டு காயையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். நான்தான் இருவருக்குமாக நன்றி சொன்னேன்.

திரும்பிப் போனபோது கடைத் தெரு நிறைய ஆட்கள். பாசலிலிருந்து வந்த கூட்டம் இறங்கிவிட்டது. பளபளக்கும் சட்டை, தலைக்கட்டு, உயர்ந்த குதிச் சப்பாத்து என்று திருவிழா உடுப்பில் வந்தவர்கள் அத்தனை பேரும் பனியில் குனிந்து, கோழிகள் மாதிரி விதை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பொறுக்க, மற்றவர் ட்ராம் வருகிறதா என்று காவல் நின்றார். ஒருவர் பாட்டு எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் குனிந்தபடியே பாடினார்கள். அந்தக் கூட்டத்துக்குள், கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு, மேல் மாடிச் சுவிஸ் அம்மாவும் குனிந்து நின்றார். தன் நிலவறையில் வைத்திருந்த சின்னப் பூசணிக்காயையும் கொண்டுவந்து முக்காலியில் வைத்திருந்தார். ‘இதையும் கொல்ல வேண்டாம் என்று உன் கணவரிடம் சொல்’ என்று என்னிடம் கறாராகச் சொன்னார்.

என் கணவர் இரண்டு பூசணிக்காயோடு காரிலிருந்து இறங்கியதும் கூட்டம் கை தட்டியது. அக்கா வந்து காய்களைத் தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். பிறகு பூசணிக்காய், மனுசன் இரண்டையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார். இவருடைய கண்ணாடி கோணலாகிவிட்டது.

பிறகு நடந்ததைச் சமையல் என்று சொல்ல முடியாது, கலியாண வீடு. கோயில் பூசணி, நிலவறைப் பூசணி, பிளாஸ்டிக் பூசணி மூன்றும் ஒன்றாக அவிந்து, மசிந்து, இரண்டு சூப்புப் பானைக்கும் பிரிந்து போயின. இடம் இல்லாமல் ஆட்கள் தெருவில் நின்று கிழங்கு தோல் சீவினார்கள். மேளம் வெளியே வந்தது. மத்தியானத்துக்கு வைத்திருக்க வேண்டிய சூப் பின்னேரம்தான் ஆயத்தமானது. பசியோடு இருந்தும் ஒருவர்கூடப் போகவில்லை. அடியில் மசித்த பூசணி, மேலே கிழங்கு, கரட், மக்கரோனி, கராம்பு மணம். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு முழு மிளகாய், வெடித்துவிடக் கூடாது என்று அக்கா கண்ணுக்குள் வைத்துக் காத்த மிளகாய்.

முதல் கிண்ணத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் பானையிலிருந்து நிறைய ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்து, என் கணவரிடம் நீட்டினார். எல்லாரும் சிரித்துக் கை தட்டினார்கள். இவர் வாங்கினார். வாங்கியவர் வழக்கம்போல நேரே வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

“எங்க போறாய்? இரு. இது உள்ள இருந்து குடிக்கிற சூப்” என்றார் அக்கா. கடைக்கு நடுவில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

இவர் கதிரையைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். நின்றபடியே, திக்கித் திக்கி ஜெர்மனில் பேசத் தொடங்கினார். கலியாணம் முடித்து இத்தனை காலத்தில் என்னிடமும் சொல்லாத கதை.

அவருடைய ஐயா, அதாவது தகப்பனார், பனையும் தென்னையும் ஏறிய மனுசன். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஐயாவுக்கும் அவர் ஆட்களுக்கும் உள்ளே இடமில்லை. வெளியே நிலத்தில்தான் இருக்க வேண்டும். கடைக்காரர் கண்ணாடிக் குவளையில் கொடுக்க மாட்டார், வெறும் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார். அந்தக் கடைக்கு விறகு கொத்திப் போடுவதும் ஐயாதான். பிறகு போராடி, அடிபட்டு, அந்தக் கதவுகள் திறந்தன. திறந்த பிறகும் ஐயா ஒருநாளும் உள்ளே போய் இருக்கவில்லை. வெளியே நின்று குடித்தார். பக்கத்தில் நின்ற மகனும் வெளியே நின்று குடித்துப் பழகினார். பழகிய உடம்புக்கு நாடு மாறியது தெரியவில்லை.

“ஒருத்தரும் என்னை இஞ்ச வெளியில நிக்கச் சொல்லேல்லை” என்று முடித்தார். “கால்தான் தானாப் போகுது.”

எங்கள் இரண்டு குடும்பத்தையும் ஊரில் எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாததில்லை. என் வீட்டிலும் அந்தக் கதைகளைக் கதைப்பதில்லை, இங்கே வந்த பிறகு எதற்கு அந்தக் குப்பை என்று மூடி வைத்துவிட்டோம். ஆனால் கதிரைக்குக் காசு கேட்பார்கள் என்று பயமோ என்று நான் சீண்டியபோதெல்லாம் இவர் சிரித்த அந்தச் சிரிப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மகள் தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “அப்பா, ஏன் இதை எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் நீ குறைவா நினைப்பாய் எண்டு...”

“அப்பப்பாவையோ? அவரை உள்ள விடாத ஆட்களைத்தான் நான் குறைவா நினைப்பன்” என்றாள். நாங்கள் இவளுக்குத் தமிழ் வகுப்பு, நடன வகுப்பு எல்லாம் வைத்தோம். இந்தப் பதிலை யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

அக்கா அகப்பையை எடுத்தார். தனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு வந்து, அந்தக் கதிரைக்கு எதிரே இன்னொரு கதிரையைப் போட்டு இருந்தார். காத்திருந்தார். என் கணவர் மெதுவாக இருந்தார். முதல் வாய் குடித்தார். உறைப்பு ஏறி இருமினார். அந்த இருமலோடு கடையே வெடித்துச் சிரித்தது. மேளக்காரர் அடிக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு யார் யாரோடு ஆடினார்கள் என்று கேட்காதீர்கள். மேல் மாடி அம்மா என் கணவரை இழுத்துக்கொண்டு ஆடியது மட்டும் மகளின் தொலைபேசியில் இன்னும் இருக்கிறது.

கோயில் தம்பிக்குச் சூப் போத்தல் போய்ச் சேர்ந்தது. அன்னதானத்துக்கு இந்தப் பக்குவத்தில் ஒரு கறி வைக்கலாமே என்று அடுத்த கிழமையே செய்முறை கேட்டு எடுத்தார்.

பனியில் பொறுக்கிய விதைகளில் கொஞ்சத்தை அக்கா எங்களுக்கும் தந்தார். குங்குமம் பட்ட விதை முளைக்காது என்றேன் நான். முளைத்தது. இப்போது அக்காவின் தோட்டத் துண்டுக்குப் பக்கத்துத் துண்டு எங்களுடையது. கோடையில் வேலை முடிந்து வந்ததும் இவர் அங்கேதான் நிற்பார், கொடிக்குக் கண்ணூறு படாமல் இருக்க ஒரு பழைய சப்பாத்தையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அக்கா கடையின் கண்ணாடிக் கீறல் அப்படியே இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி மட்டும் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை என்று இவர் விடாமல் சொல்வார்.

ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் நாங்கள் அங்கே போகிறோம். விளைந்த காயை மகள்தான் தூக்கி வருவாள், தகப்பனின் கையில் கொடுக்க மாட்டாள். அடக்கப்பட்ட ஒரு சனம் தன் விடுதலையைக் கொண்டாடக் கடை திறந்து வைத்தால், அதே நோவைச் சுமக்கிற இன்னொருவனுக்கும் அதற்குள் ஒரு கதிரை இருக்கும் என்று எனக்குக் காட்டியது அந்த நாள்தான். சூப் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு என் கணவர் யாரும் சொல்லாமலே கடைக்கு நடுவில் போய், காலை நீட்டி வசதியாக உட்காரும்போது, அவருக்குப் பக்கத்தில் அவருடைய ஐயாவும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருக்கிறார் என்றே எனக்கு ஒவ்வொரு வருடமும் தோன்றுகிறது.